கோணல் வீடுகளை வரையப் போனோம்

பெர்ஸ்பெக்டிவை முறைப்படி கற்றவர்களை லாவென்ஹம் படுத்தி எடுத்துவிடும். கண்மட்டத்தில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி, கூரை விளிம்பும் ஜன்னல் விளிம்பும் வாசற்படியும் போய்ச் சேர வேண்டியது அந்தப் புள்ளியில். இதுதானே பாடம்? இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் பகுதியில் இருக்கும் இந்தக் கிராமத்தில் ஒரே வீட்டின் கூரை ஒரு திசைக்குப் போகிறது, மாடி வேறு திசைக்குப் போகிறது. கதவு இரண்டு பேச்சையும் கேட்காமல் தன்பாட்டுக்குச் சாய்ந்திருக்கிறது. பக்கத்து வீடு இதன் மேல் சாய, இது அதற்கடுத்த வீட்டின் மேல் சாய, தெருவே அப்படியே ஐந்நூறு வருஷமாக நிற்கிறது.

படம் வரைகிற கூட்டம் ஒன்றோடு மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் அங்கே போயிருந்தேன். இந்த மாதிரிக் கூட்டங்கள் இப்போது உலகம் முழுக்க இருக்கின்றன. சியாட்டிலில் பத்திரிகைக்குப் படம் வரைந்துகொண்டிருந்த கேப்ரியல் காம்பனாரியோ 2007-ல் இணையத்தில் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' போட்ட விதை அது. விதி ஒன்றுதான்: நேரில் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும். போட்டோ எடுத்து வந்து வீட்டில் வரைவது கணக்கில் சேராது. எங்கள் கூட்டம் பெரிய அமைப்பு எதையும் சேர்ந்ததல்ல. ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர், பள்ளி ஆசிரியைகள், ஒரு நர்ஸ், கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருஷமே ஆன ஒரு பெண், அப்புறம் நான்.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயிலேறி, மார்க்ஸ் டேயில் மாறி, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி ரயிலில் சட்பரி. அந்தக் கிளைப்பாதைக்கே கெயின்ஸ்பரோ லைன் என்று பெயர். ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ 1727-ல் பிறந்தது சட்பரியில். வண்ணத்தட்டும் கையுமாக அவர் சிலை கடைத்தெருவில் நிற்கிறது. வரையப் போகிறவர்களுக்கு நல்ல சகுனம்தான். அங்கிருந்து பஸ். லாவென்ஹமுக்கும் ஒரு காலத்தில் ரயில் இருந்தது, 1961-ல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை பஸ் நேரங்களை முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஊருக்குள் இறங்கியதும் கோயம்புத்தூர்ப் பெண் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, இந்த வீட்டுக்குள்ள எல்லாம் நிஜமா ஆளுங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள். வாசலில் பால் பாட்டில், ஜன்னலில் பூனை, மாடியில் காயும் துணி. பட்டியலிட்டுப் பாதுகாக்கப்படும் பழைய கட்டடங்கள் முந்நூறுக்கும் மேல் இருக்கும் கிராமம் இது. ஆனால் மியூசியம் ஆகிவிடவில்லை.

நாங்கள் முதலில் உட்கார்ந்தது சந்தைச் சதுக்கத்தில், கில்ட்ஹாலுக்கு எதிரே. 1530 வாக்கில் கார்பஸ் கிறிஸ்டி என்னும் சங்கத்தார் கட்டியது. துணி வியாபாரத்தில் பணம் பார்த்தவர்கள் சேர்ந்து வைத்திருந்த சமயச் சங்கம். கட்டி இருபது வருஷம்கூட ஆகவில்லை, அரசாங்கம் இந்தச் சங்கங்களையெல்லாம் கலைத்துவிட்டது. பிறகு அந்தக் கட்டடம் சிறைச்சாலை ஆனது, ஏழைகள் விடுதி ஆனது, கம்பளிக் கிடங்கு ஆனது. 1951 முதல் பழைமையைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது. உள்ளே ஒரு காய்ந்துபோன பூனையைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கெட்ட ஆவி அண்டாமலிருக்க வீட்டின் மறைவிடத்தில் பூனையை வைத்து மூடிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். நம் ஊரில் கட்டுகிற வீட்டுக்கு முன்னால் பூசணிக்காயில் மீசை வரைந்து தொங்கவிடுகிற அதே காரியம்தான். நம்முடையது பூனைக்கு நல்லது.

வெளியே மரச்சட்டங்கள். வரைய உட்கார்ந்தவர்கள் எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்வது இந்தச் சட்டங்களில்தான். நெருக்கமாக, செங்குத்தாக, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. எண்ணி எண்ணி எல்லாவற்றையும் போட ஆரம்பித்தால் படம் ஜெயில் கம்பி மாதிரி ஆகிவிடும். என் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கட்டடப் பொறியாளர் பென்சிலை எடுக்கவே இல்லை. கால் மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "இதில் எது பாரம் தாங்குகிறது, எது பகட்டு என்று முதலில் பிரித்துவிடுங்கள்."

அவர் சொன்னது முக்கியமான விஷயம். வீடு நிற்பதற்கு இத்தனை சட்டங்கள் வேண்டியதில்லை. மூலைக்கு மூலை கனத்த தூண், நடுவில் உத்தரம், சாய்வாக முட்டுக் கொடுக்க இரண்டு மூன்று கட்டை, இதுவே போதும். மீதி இடத்தை ஹேசல் குச்சியால் படல் கட்டி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் பிசைந்து பூசி அடைத்துவிடலாம். ஆனால் ஓக் மரத்துக்கு விலை அதிகம். சட்டங்களை நெருக்கி அடித்தால், இந்த வீட்டுக்காரனிடம் மரத்தை வீணடிக்கும் அளவுக்குப் பணம் இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். அதனால்தான் முகப்பில் நெருக்கம், பின்புறம் போய்ப் பார்த்தால் தாராளமான இடைவெளி.

இது தெரிந்த பிறகு பென்சில் தானாகப் போகும். தூணும் உத்தரமும் முட்டும் அழுத்தமாக, பகட்டுச் சட்டங்கள் மெல்லிசாக, ஓரத்தில் வெறும் கோடாக.

அடுத்து கோணல். அதற்கும் காரணம் இருக்கிறது. காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. ஆகவே அந்தக் காலத்துத் தச்சர்கள் வெட்டிய ஈரம் காயாத பச்சை மரத்திலேயே வேலை செய்தார்கள். துளை போட்டு, அதில் நாக்கைச் செருகி, மர ஆணி அடித்து இறுக்கிவிடுவார்கள். மரம் வீட்டில் நின்றபடியே வருஷக்கணக்கில் காயும். காயும்போது சுருங்கும், முறுக்கும், வளையும். இணைப்புகள் இன்னும் இறுகும். ஆக, வீடு கோணுவது தச்சருக்குத் தெரியாமல் நடந்ததல்ல. எந்தச் சட்டம் எந்த இணைப்பில் என்று ரோமன் எண்களை உளியால் கீறி வைத்து, பட்டறையில் ஒருமுறை பூட்டிப் பார்த்து, கழற்றி வண்டியில் ஏற்றி வந்து நிறுத்தியவர்கள் அவர்கள். வாசல் தூண்களில் தேடினால் அந்தக் கீறல்கள் சில இன்னும் கண்ணில் படும்.

மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதும் கணக்கில் சேர்த்தி. மாடியின் குறுக்குச் சட்டங்கள் கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே வருகின்றன, அவற்றின் நுனியில் மேல்சுவர் உட்கார்ந்திருக்கிறது. நுனியில் பாரம், நடுவில் தாங்கல். ஒரு பக்கத் தரை கொஞ்சம் இறங்கினால் போதும், முழு முகப்பும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஹை ஸ்ட்ரீட்டில் ஆரஞ்சு வண்ணத்தில் 'குரூக்கெட் ஹவுஸ்' என்ற வீடு ஒன்று இருக்கிறது. ஊருக்கு வரும் எல்லோரும் அதன் முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். வரைவதற்கு எனக்கென்னவோ அது அத்தனை ருசிக்கவில்லை. கோணலே அதன் தொழிலாகிவிட்டது. பெயரில்லாத வீடுகளின் கோணல்தான் யோசிக்க வைக்கிறது.

நான் இந்த ஊரில் வரைவதற்குக் கண்டுகொண்ட வழி இதுதான்: கூரை உச்சியில் ஆரம்பிக்காதே, பூமியில் ஆரம்பி. நடைபாதை ஓரளவு நேர். வாசற்படி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து தூண், தூணின் தலையில் உத்தரம், உத்தரத்தின் மேல் மாடி என்று தச்சன் கட்டிய வரிசையிலேயே கட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு சாய்வும் முந்தைய சாய்விலிருந்து பிறக்கும். கண்ணால் பார்த்து 'அழகாகக் கோணி' வரைந்த வீடுகள் காகிதத்தில் கார்ட்டூன் ஆகிவிடும். காரணத்தோடு கோணிய வீடுதான் காகிதத்திலும் விழாமல் நிற்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் கில்பின் என்று ஒரு பாதிரியார் இருந்தார். ஊர் ஊராகப் போய்ப் படம் வரைந்து, எந்தக் காட்சி ஓவியத்துக்குத் தகுதியானது என்று புத்தகம் போட்டவர். 1782-ல் வந்த வை நதிப் பயண நூலில், டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடு போதுமான அளவு சிதையவில்லை, சம்மட்டியால் பார்த்துத் தட்டினால் இன்னும் நன்றாக இருக்கும் என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். லாவென்ஹமுக்கு வந்திருந்தால் மனிதர் சம்மட்டியைக் கீழே வைத்திருப்பார்.

அது சரி, இவ்வளவு பழைய வீடுகள் ஒரே ஊரில் எப்படித் தப்பின? பணம் வந்தது, பிறகு பணம் ஓடிப்போனது. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து இந்த ஊரின் நீலக் கம்பளித் துணிக்கு ஐரோப்பாவில் நல்ல பெயர். வோட் என்ற செடியின் இலையைப் புளிக்கவைத்து எடுக்கும் நீலம். 1524-25 வரிக் கணக்கின்படி இந்தச் சின்ன ஊர் யார்க், லிங்கன் நகரங்களைவிட அதிக வரி கட்டியது. அதன்பின் டச்சுக்காரர்கள் அகதிகளாகப் பக்கத்து கோல்செஸ்டருக்கு வந்து, இலேசான, மலிவான துணி நெய்யத் தொடங்கினார்கள். லாவென்ஹமின் கனத்த துணியைக் கேட்க ஆளில்லை. வோட் இலைக்கும் அதே கதிதான் பின்னால் வந்தது. கப்பலில் போய் இறங்கிய நம் அவுரி நீலம் அதைச் சந்தையை விட்டே விரட்டியது. கையில் காசிருந்த ஊர்களில் பழைய மரவீடுகளை இடித்துச் செங்கல்லில் கட்டினார்கள், இல்லையென்றால் முன்பக்கத்தை மட்டுமாவது மாற்றினார்கள். இங்கே அதற்கும் வழியில்லாமல் போனது. குதிரை முடியில் துணி நெய்து பார்த்தார்கள், 1860களின் கடைசியில் சர்க்கரைக் கிழங்கு ஆலைகூட வந்து பார்த்தது. ஊர் நிமிரவில்லை, வீடுகளும் நிமிரவில்லை. இப்போது அந்த வீடுகளில் ஒன்றை வாங்க வேண்டுமென்றால் லண்டன் சம்பளம் வேண்டும்.

வண்ணத்துக்கு வருவோம். ஆங்கில மரவீடு என்றதும் கை கறுப்பைத் தேடும். வெள்ளைச் சுவர், கறுப்புச் சட்டம் என்று காலண்டரில் பார்த்துப் பழகிய கண். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி விக்டோரியா காலத்தில் பூசியது. லாவென்ஹமில் ஓக் அதன் போக்கில் வெளுத்து, சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த வீடுகளில் சட்டத்துக்கும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் நிறையத் தண்ணீரில் கலந்தால் அந்தச் சாம்பல் வரும், வெயில் படுகிற இடத்தில் அம்பரைக் கூட்ட வேண்டும்.

சுவர்களில் வெள்ளையைவிட ரோஸும் காவியும்தான் அதிகம். 'சஃபோக் பிங்க்' என்று அதற்குப் பெயரே உண்டு. மாட்டு ரத்தம் கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். என் டப்பாவில் இருந்த இந்தியன் ரெட்டை நன்றாகக் கரைத்து, துளி ரா சியன்னா சேர்த்தேன், ஏறக்குறையப் பிடித்துவிட்டது. நம் செம்மண்ணில் இருக்கிற இரும்புத் துருதான் இந்தியன் ரெட். சஃபோக்கின் சுவர் அதில் வருவது எனக்குத் தனி சந்தோஷம்.

ஒரே தொல்லை, காயாது. சென்னையில் வாட்டர்கலர் போட்டால் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும், இரண்டு நிறத்தை ஒன்றோடொன்று கலக்கவிடப் போராட வேண்டும். இங்கே மே மாதத்திலும் முதல் பூச்சு காய அரைமணி நேரம். அதற்குள் அடுத்த படத்தைப் பேனாவில் தொடங்கிவிடலாம். ஆங்கிலேயர்கள் வாட்டர்கலரில் கெட்டிக்காரர்கள் ஆனதற்கு இந்த ஈரக்காற்றுக்கும் பங்குண்டு என்பது என் சொந்த ஆராய்ச்சி, யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

மதியம் ஸ்வான் ஹோட்டலின் பாருக்குள் போனோம். இரண்டாம் உலகப் போரின்போது பக்கத்து விமானதளத்தில் இருந்த அமெரிக்க விமானப்படையினர் சுவரில் போட்ட கையெழுத்துகளை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சூப்பும் ரொட்டியும் சுமார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாட்டர் ஸ்ட்ரீட். தெருவுக்கு அடியில் ஓர் ஓடை செங்கல் கால்வாய்க்குள் ஓடுகிறது, மேலே அதன் சுவடே தெரியாது. டி வேர் ஹவுஸ் இங்கேதான். ஹாரி பாட்டர் ஏழாம் கதையின் முதல் பாகப் படத்தில், 2010-ல் வந்ததே, அதில் ஹாரி பிறந்த வீடு இதை வைத்துத்தான். ஊரைப் படம்பிடித்துக்கொண்டு போய்ப் பனியைக் கம்ப்யூட்டரில் கொட்டினார்கள். வாசலில் சின்னதும் பெரிதுமாக ரசிகர் வரிசை. நான் வீட்டை விட்டுவிட்டு அந்த வரிசையை வரைந்தேன். கழுத்தில் கோடுபோட்ட மஃப்ளர், கையில் மந்திரக்கோல், முகத்தில் வெயில்.

கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டு வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது உள்ளேயிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். விரட்டப் போகிறார் என்று நினைத்தோம். கோயம்புத்தூர்ப் பெண்ணின் படத்தைக் குனிந்து பார்த்தார்.

"மாடியில் இடதுபக்க ஜன்னலை இன்னும் சாய்க்கலாம், தயங்க வேண்டாம்" என்றார். "அந்த அறையில் பென்சில் கீழே விழுந்தால் நான் தேடுவதே இல்லை. நேராகத் தெருப்பக்கச் சுவருக்குப் போய்விடுவேன், அங்கேதான் கிடக்கும்."

கட்டிலை எப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டே விட்டாள். இரண்டு கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்திருக்கிறாராம். புதுக் கட்டில் வாங்கினால் புதுக் கட்டை வெட்ட வேண்டும், அதற்கென்று ஊரில் ஒரு தச்சர் இருக்கிறாராம். கேட்டுவிட்டு அவள் ஜன்னலைச் சாய்த்தாள். வீடு உயிர் பெற்றுவிட்டது.

ஷில்லிங் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால் டெய்லர் குடும்பம் இருந்த வீடு வரும். ஐசக் டெய்லர் செதுக்கு ஓவியர், செப்புத் தகட்டில் கோடு கீறிப் படம் அச்சிடுகிறவர். மகள்களுக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். மகள்களில் ஒருவரான ஜேன் எழுதிய 'தி ஸ்டார்' 1806-ல் அச்சானது. நம் ஊர் எல்.கே.ஜி. குழந்தைகள் கையை மினுக்கி மினுக்கிப் பாடும் ட்விங்கிள் பாட்டு அதுதான். ஜான் கான்ஸ்டபிளும் சின்ன வயதில் கொஞ்ச காலம் இந்த ஊர்ப் பள்ளியில் தங்கிப் படித்தார். அங்கே உதவி ஆசிரியர் ஒருவர் பையன்களை அடித்து நொறுக்குவாராம். பின்னாளில் சஃபோக்கின் ஆற்றையும் மில்லையும் வண்டியையும் விதவிதமாக வரைந்து உலகப்புகழ் பெற்றவருக்கு இந்தக் கோணல் வீடுகள் அத்தனை இஷ்டமாக இல்லாமல் போயிருந்தால் ஆச்சரியமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஊர்க் கோடியில் தேவாலயம். புனித பீட்டர், புனித பால் பெயரில். கோபுரம் 141 அடி. ஊரில் நேராக நிற்பது இது ஒன்றுதான். கட்டியது துணிக்காசு: டி வேர் பிரபுக்களும் ஸ்பிரிங் என்ற துணி வியாபாரிக் குடும்பமும் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். கோபுரத்தின் உச்சியில் ஸ்பிரிங் குடும்பத்தின் முத்திரை திரும்பத் திரும்ப வருகிறது. கீழே பிரபுவின் நட்சத்திரம். யார் மேலே, யார் கீழே என்று பாருங்கள்.

இந்தத் தேவாலய மணிக்கு ஒரு கலகத்தோடும் உறவு உண்டு. 1525-ல் எட்டாம் ஹென்றி பிரான்ஸ் மேல் போருக்குப் போகப் புதிய வரி கேட்டார். நெசவாளர்களுக்குக் கூலி கொடுக்க முடியாமல் முதலாளிகள் வேலையை நிறுத்த, ஆயிரக்கணக்கானோர் இங்கே திரண்டார்கள். தேவாலய மணியை அடித்தால் கலகம் தொடங்க வேண்டும் என்று ஏற்பாடு. யாரோ முன்கூட்டியே மணியின் நாக்குகளைக் கழற்றிவிட்டார்கள் என்று கதை இருக்கிறது. கலகம் பெரிதாகாமல் அடங்கியது. வரியும் கைவிடப்பட்டது. கோபுரத்தின் சக்கிமுக்கிக் கல் சுவரைத் தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல், கிட்டப் போனால் கறுப்பு, நீலம், வெண்மை எல்லாம் மின்னும். அதை வரையாதீர்கள். ஈரத் தூரிகையால் ஒரே இழுப்பு, காய்வதற்குள் நாலு இடத்தில் கருநீலம், போதும்.

சாயங்காலம் சந்தைச் சதுக்கத்தில் எல்லோர் நோட்டுகளையும் தரையில் பரப்பினோம். ஒரே கில்ட்ஹால், ஆளுக்கொரு கில்ட்ஹால். நர்ஸ் போட்டதில் கூரை மட்டும். ஆசிரியை ஒருவர் கட்டடத்தையே விட்டுவிட்டு அதன் நிழலை மட்டும் வரைந்திருந்தார். பொறியாளர் வரைந்ததில் சட்டம் ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி, பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று காட்ட. "ஓவியம் இல்லை, அறிக்கை" என்று அவரைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அன்றைக்குப் பிடித்த படம் அதுதான். கேட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்தது கெர்சி போவதாகத் திட்டம். லாவென்ஹமிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே பிரதான தெருவின் குறுக்கே ஓடை ஓடுகிறது, பாலம் நடப்பவர்களுக்கு மட்டும், கார்கள் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். வாத்துகளுக்கு முன்னுரிமை. வருகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் எடுத்து வாருங்கள். தண்ணீரில் முகப்பின் பிரதிபலிப்பு விழும் பக்கத்தை நான் பிடித்துவிட்டேன், அதைத் தவிர எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.